பேனரில் இருக்கும் அரியர் மாணவர்: ராமானுஜன் காலேஜில் தோற்ற கதை

டிசம்பர் 22 அன்று ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஏதாவது ஒரு காலேஜுக்குள் போய்ப் பாருங்கள். காலைப் பனி இன்னும் முழுசாக விலகியிருக்காது. வெளியே ஹைவேயில் சிப்காட் கம்பெனி பஸ்கள் நைட் ஷிஃப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே செமினார் ஹால் வாசலில் ஒரு பேனர் கட்டியிருப்பார்கள். அதில் கோட் போட்ட ஓர் இளைஞர். அகலமான முகம், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். சீனிவாச ராமானுஜன். அவர் பிறந்த நாளைத்தான் 2012-ல் இருந்து தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம்.

அந்தப் பேனர் முன்னால் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் நாலைந்து பேராவது அரியர் வைத்திருப்பார்கள். ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே விட மாட்டார்களே என்ற டென்ஷன் ஒரு பக்கம். வீட்டில் சொல்லலாமா, வேண்டாமா என்ற குழப்பம் இன்னொரு பக்கம். பேனரில் இருப்பவரும் அதே கேஸ்தான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? காலேஜில் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப ஃபெயில் ஆனவர் அவர். டிகிரி இல்லாமல் வேலை தேடி அலைந்தவர்.

இந்தக் கதையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். ஃபெயில் ஆனவர்தான் ஜீனியஸ் ஆனார், அதனால் மார்க் முக்கியமே இல்லை என்று. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால், அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்த இரண்டு வரி எவ்வளவு தப்பு என்று புரியும். பிடித்ததை, பிடித்த விதத்தில் மட்டும் படித்தால் என்ன கிடைக்கும், என்ன கைவிட்டுப் போகும் என்பதற்கு அவரைவிடத் தெளிவான உதாரணம் நம் ஊரில் இல்லை.

கும்பகோணத்து ஃபர்ஸ்ட் ரேங்க் பையன்

ராமானுஜன் பிறந்தது 1887-ல், ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். வீட்டில் காலேஜ் மாணவர்களைத் தங்கவைத்து, அதில் வரும் பணத்தையும் சேர்த்துத்தான் குடும்பம் ஓடியது.

பையன் படிப்பில் சுட்டி. 1897 நவம்பரில் நடந்த ஆரம்பப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் இடம். அப்போது அவருக்குப் பத்து வயதுகூட முடியவில்லை. அந்தத் தேர்வில் கணக்கு மட்டும் இல்லை. இங்கிலீஷ், தமிழ், பூகோளம் எல்லாமே இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பாடங்கள் அவருக்கு ஏறவே ஏறாது என்று பிற்பாடு யாராவது சொன்னால், அது உண்மை இல்லை.

வீட்டில் தங்கியிருந்த காலேஜ் பசங்களிடம் கணக்குக் கேட்டுக் கேட்டு, 11 வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் தீர்த்துவிட்டார். அடுத்து லோனி எழுதிய டிரிக்னாமெட்ரி புத்தகம். காலேஜ் மாணவர்களே திணறும் அந்தப் புத்தகத்தை 13 வயதில் முடித்தார். 1904-ல் டவுன் ஹைஸ்கூலை விட்டுக் கிளம்பும்போது கணக்குக்கான பரிசு அவருக்குத்தான். நூற்றுக்கு நூறு போட்டாலும் இந்தப் பையனுக்குக் குறைவுதான் என்கிற அர்த்தத்தில் ஹெட்மாஸ்டர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையிலேயே பாராட்டினார்.

இதுவரை பார்த்தால் சாதாரண டாப்பர் கதை. திருப்பம் இதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட ஒரு கைடு

1903 வாக்கில் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ஜார்ஜ் கார். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த டியூஷன் வாத்தியார். இன்றைய பாஷையில் சொன்னால் அந்தப் புத்தகம் ஒரு கைடு. சுமார் 5,000 சூத்திரங்கள், தேற்றங்கள். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். ஏன், எப்படி என்ற விளக்கம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஒரு வரிக் குறிப்போடு முடிந்துவிடும்.

இப்படி ஒரு கைடு நம் கையில் கிடைத்தால் என்ன செய்வோம்? முக்கியமானதை டிக் அடிப்போம். மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடுவோம். எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்வோம். ராமானுஜன் வேறு மாதிரி செய்தார். ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒரு சவாலாக எடுத்துக்கொண்டார். இது சரி என்று இவர் சொல்கிறார். சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுவார். விளக்கம் இல்லாததே அவருக்கு வசதியாகப் போனது. ஒன்றைப் போட்டு முடித்தால், அதில் இருந்து புத்தகத்திலேயே இல்லாத இன்னொன்று முளைக்கும். அதைத் துரத்திக்கொண்டு போவார்.

பேப்பர் வாங்கக் காசு இல்லை. அதனால் எல்லாம் சிலேட்டில். வீட்டுத் திண்ணையில் கால் மடக்கி உட்கார்ந்து போடுவார். சிலேட் நிறைந்ததும் துணி தேடி எழுந்தால் யோசனை கலைந்துவிடும் என்று முழங்கையாலேயே அழித்துவிடுவார். கடைசியில் வரும் விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அந்த நோட்டுகள்தான் பிற்பாடு உலகப் புகழ் பெற்றவை. மூன்று நோட்டுகள். 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடைத்த தாள்களையும் சேர்த்தால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்டுபிடிப்புகள்.

இப்படிப் படித்ததில் ஒரு பெரிய பலம் இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் காலேஜ் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர், ஒரு தடவை படித்துவிட்டு மூடி வைத்து, ஞாபகம் வந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் டெஸ்ட் வைத்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூடி வைத்துவிட்டு நாமே முட்டி மோதிப் பார்த்தால்தான் மண்டையில் நிற்கும். ராமானுஜன் யாரும் சொல்லித் தராமலேயே இதைத் தினமும் செய்துகொண்டிருந்தார்.

பலவீனமும் அதே சிலேட்டில்தான் இருந்தது. முழங்கை அழித்தது வழிமுறையை. விடை மட்டும் மிஞ்சியது. இது எப்படி வந்தது என்று அடுத்தவர் கேட்டால், காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம், கணக்கு வந்து உட்கார்ந்த இடத்தில் வேறு எந்தப் பாடத்துக்கும் இடம் இல்லாமல் போனது.

கும்பகோணத்தில் ஒரு ஃபெயில், சென்னையில் இரண்டு

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். எஃப்.ஏ. படிப்பு. கணக்கோடு இங்கிலீஷ், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல் எல்லாம் படிக்க வேண்டும். வரலாற்று வகுப்பு நடக்கும். அவர் நோட்டில் கணக்கு ஓடும். உடலியல் வகுப்பு நடக்கும். அப்போதும் கணக்குதான்.

விளைவு சீக்கிரமே வந்தது. இங்கிலீஷ் கட்டுரைத் தேர்வில் ஃபெயில். ஸ்காலர்ஷிப் போச்சு. ஒரு பருவத்துக்கான ஃபீஸ் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம்! கோமளத்தம்மாள் நேராகப் போய் பிரின்ஸிபாலைப் பார்த்துக் கேட்டார் என்று சொல்வார்கள். இவ்வளவு கணக்குத் தெரிந்த பையனை இப்படி விடலாமா என்பது அம்மாவின் நியாயம். விதி விதிதான் என்பது காலேஜின் நியாயம்.

ஓசூர் பசங்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம் பேசுவார்கள். ஸ்கூலில் தமிழ். காலேஜில் கால் வைத்த நாளில் இருந்து எல்லாமே இங்கிலீஷ். வொர்க்‌ஷாப்பில் மெஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்த பையன், அதையே பரீட்சைப் பேப்பரில் நாலு பக்கம் எழுதச் சொன்னால் தடுமாறுவான். அவனுக்கு ஃபெயில் போட்டால் அது மொழியால் வந்த ஃபெயில். ராமானுஜன் கேஸ் அது இல்லை. அவர் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர். சின்ன வயதில் அதே பாடத்தில் ஜெயித்தவர். அவருக்கு இங்கிலீஷுக்கு நேரம் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. ஒருத்தருக்கு முடியவில்லை, இன்னொருத்தருக்கு முயற்சி செய்யப் பிடிக்கவில்லை. மார்க் ஷீட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதுதான் மார்க் ஷீட்டின் பெரிய குறை.

1905 ஆகஸ்ட்டில், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். குடும்பம் பதறித் தேடியது. திரும்பி வந்ததும் 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் இன்னொரு வாய்ப்பு. இங்கே கணக்குப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய திறமையைப் பார்த்துவிட்டார். பத்திரிகைகளில் வரும் கடினமான கணக்குகளை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டார்கள். மூன்று மணி நேரக் கணக்குத் தேர்வை அரை மணியில் முடித்துவிட்டு வந்துவிடுவார் என்று கூடப் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

உடலியலில் மட்டும் பத்து சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. 1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார். ஃபெயில். அடுத்த வருஷம் வகுப்புக்குப் போகாமலே தனியாக மறுபடி எழுதினார். கணக்கில் பாஸ், மற்றதில் ஃபெயில். அரியர் பேப்பரை மட்டும் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்கிற வசதி எல்லாம் அன்றைக்கு இல்லை. மற்ற பாடங்களில் விழுந்தால் எஃப்.ஏ. இல்லை. எஃப்.ஏ. இல்லாவிட்டால் பி.ஏ. இல்லை. பி.ஏ. இல்லாவிட்டால் நல்ல உத்தியோகம் இல்லை. 20 வயதில் அவருடைய படிப்பு அங்கேயே நின்றது.

அந்தக் காலத்துப் படிப்பு எல்லாரையும் இப்படிக் கீழே தள்ளவில்லை. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, ராமானுஜனைவிட ஒன்பது வயது மூத்தவர். கிட்டத்தட்ட அதே மாதிரிப் படிப்புதான். பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் பி.ஏ., சென்னையில் சட்டம் என்று படிப்படியாக ஏறி, 1900-ல் சேலத்தில் வக்கீல் ஆனார். வாசிப்பு, எழுத்து, வாதம் எல்லாம் கை வந்தவருக்கு அந்த சிஸ்டம் ஏணி. ஒரே ஒரு விஷயத்தில் மூழ்கிப்போனவருக்கு அதுவே சுவர்.

நோட்டும் கையுமாக அலைந்த வருஷங்கள்

அடுத்த சில வருஷங்களை சினிமாக்கள் வேகமாகக் கடந்துவிடும். வாழ்ந்தவருக்கு அவை அவ்வளவு வேகமாகக் கடக்கவில்லை. கையில் காசு இல்லை. நண்பர்கள் வீட்டில் சாப்பாடு. பேப்பர் கிடைக்காமல், ஏற்கெனவே எழுதிய தாள் மேலேயே சிவப்பு மையால் எழுதினார். டியூஷன் எடுத்துப் பார்த்தார். பரீட்சைக்கு கால்குலஸ் சொல்லித் தரச் சொல்லி வந்த ஒரு மாணவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டார். சிலபஸை விட்டுவிட்டு முடிவிலி பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பையன் பாவம் என்ன செய்வான்? தான் கற்ற வழி அடுத்தவருக்கும் பொருந்தும் என்று அவர் நினைத்துவிட்டார். பல வாத்தியார்கள் இன்றைக்கும் செய்கிற தப்பு அது.

1909 ஜூலையில் கல்யாணம். மணப்பெண் ஜானகிக்கு வயது பத்து. குழந்தைத் திருமணம் சாதாரணமாக இருந்த காலம் அது. இனி சம்பாதித்தே ஆக வேண்டும். கையில் இருக்கும் ஒரே சர்ட்டிஃபிகேட் அந்த நோட்டுகள்தான். அவற்றைத் தூக்கிக்கொண்டு ஆள் ஆளாகப் பார்க்கப் போனார்.

1910-ல் திருக்கோவிலூருக்குப் போய் வி.ராமசாமி ஐயரைப் பார்த்தார். அவர் டெபுடி கலெக்டர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவரும் அவர்தான். ராமானுஜன் கேட்டது ரெவின்யூ ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயருக்கு, இந்த ஆளைத் தாலுகா ஆபீஸ் ஃபைல்களுக்கு நடுவே உட்காரவைப்பது பாவம் என்று தோன்றிவிட்டது. வேலை தரவில்லை. பதிலாக, சென்னையில் தனக்குத் தெரிந்த கணித ஆட்களுக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். கும்பகோணத்தில் பாடம் எடுத்த சேஷு ஐயர் அங்கே இருந்தார். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். கணிதச் சங்கத்தில் இருந்த அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, மாதம் 25 ரூபாய் தன் கைக்காசில் கொடுக்க ஆரம்பித்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இவர்களில் யாரும் அவரிடம் மார்க் ஷீட் கேட்கவில்லை. அவர் செய்த வேலையைப் பிரித்துப் பார்த்தார்கள். பார்த்தால் புரியும் அளவுக்கு அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. ராமானுஜனின் அதிர்ஷ்டம் அதுதான்.

1911-ல் சங்கத்தின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. அதே வருஷம் வாசகர்களுக்கு ஒரு புதிர் கொடுத்தார். ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று 1, 2, 3, 4 எண்களோடு முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இதன் மதிப்பு என்ன? ஆறு மாதம் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை வெறும் 3. நம்ப முடிகிறதா?

சிலேட்டோடு எதிரில் உட்கார்ந்த மேலதிகாரி

1912 மார்ச் 1-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. மாதம் 30 ரூபாய். அங்கே தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர். இவரும் கணக்குப் பிரியர். ராமானுஜன் வாழ்க்கையில் ஹார்டிக்குக் கிடைக்கும் வெளிச்சம் இவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால், காலேஜ் செய்யத் தவறியதை இவர்தான் செய்தார்.

ராத்திரி நேரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோடு எதிரெதிரே உட்காருவார்கள். ராமானுஜன் இரண்டு வரி எழுதிவிட்டு விடைக்குத் தாவிவிடுவார். நாராயண ஐயர் விடமாட்டார். நடுவில் என்ன ஆயிற்று, எனக்கே புரியவில்லையே, வெளியில் இருப்பவருக்கு எப்படிப் புரியும் என்று கேட்டு, நடுவில் உள்ள படிகளையும் எழுதவைப்பார். முழங்கை அழித்ததைத் திரும்ப எழுதச் சொன்ன முதல் ஆட்களில் ஒருவர் அவர். கண்டுபிடிக்கக் கற்றுத்தரவில்லை; கண்டுபிடித்ததை அடுத்தவருக்குச் சொல்லக் கற்றுத்தந்தார்.

அதன் பிறகுதான் வெளிநாட்டுக்குக் கடிதங்கள் போயின. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களிடம் இருந்து உதவி எதுவும் வரவில்லை. 1913 ஜனவரி 16-ம் தேதியிட்ட கடிதம் ஜி.எச்.ஹார்டிக்குப் போனது. நான் ஒரு கிளார்க், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்போடு சரி என்று மறைக்காமல் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை எழுதியிருந்தார். நிரூபணம் இல்லை. யாரோ விளையாடுகிறார்களா என்றுகூட ஹார்டிக்கு சந்தேகம் வந்தது. அன்று ராத்திரி நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அலசினார். எழுதியவர் மேதைதான் என்ற முடிவோடு எழுந்தார்கள்.

அந்தச் செய்தி சென்னைக்கு வந்ததும் நடந்ததுதான் வேடிக்கை. எஃப்.ஏ. தேர்வில் அவரை ஃபெயில் ஆக்கிய அதே சென்னைப் பல்கலைக்கழகம், 1913 மே மாதத்தில் இருந்து மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. டிகிரி வாங்கியவர்களுக்கான உதவித்தொகை அது. டிகிரியே இல்லாதவருக்காக விதியை வளைத்தார்கள். அந்த அளவுக்கு நல்ல மனசு அங்கே இருந்தது. ஆனால், அது வெளியே வர இங்கிலாந்தில் இருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது.

26 வயதில் மறுபடி மாணவர்

1914 மார்ச் 17-ம் தேதி கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி. இங்கே ஹார்டிக்கு ஒரு விசித்திரமான சிக்கல். வந்திருப்பவர் சில விஷயங்களில் உலகத்திலேயே யாரும் தொடாத உயரத்தில் இருக்கிறார். சில அடிப்படை விஷயங்கள் அவருக்குத் தெரியவே தெரியாது. பகா எண்கள் பற்றி அவர் அனுப்பியிருந்த சில முடிவுகள் தப்பு. அதற்குத் தேவையான சிக்கலெண் சார்புகள் பற்றிய கணிதம் அவர் படித்த கைடில் இல்லை. கண்டுபிடித்தவற்றிலும் பல ஐரோப்பாவில் ஏற்கெனவே மற்றவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தவை. ஒற்றை ஆளாக, ஒரு நூறு வருஷத்துக் கணிதத்தோடு கும்பகோணத்துத் திண்ணையில் உட்கார்ந்து போட்டி போட்டிருக்கிறார்.

இவரை முதல் பெஞ்சில் உட்காரவைத்து ஆரம்பத்தில் இருந்து பாடம் நடத்தினால் அந்த வேகமே செத்துவிடும். ஒன்றுமே சொல்லித் தராமல் விட்டால் தப்பு தொடரும். ஹார்டி நடு வழியைப் பிடித்தார். தினமும் அவர் கொண்டுவரும் புதுக் கண்டுபிடிப்புகளைப் பார்ப்பார். எந்த இடத்தில் நிரூபணம் ஓட்டை என்று காட்டுவார். அந்த ஓட்டையை அடைக்கத் தேவையானதை மட்டும் அப்போது சொல்லித் தருவார். லிட்டில்வுட்டும் முயன்றார். அவர் ஒன்று சொல்லித் தந்தால் ராமானுஜன் பதிலுக்குப் பத்துப் புது யோசனை சொல்லி, அன்றைய பாடத்தையே திசை திருப்பிவிடுவார்.

ராமானுஜனும் வளைந்து கொடுத்தார். இதைத்தான் ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். நான் இப்படித்தான் படிப்பேன் என்று அவர் கேம்பிரிட்ஜில் அடம்பிடிக்கவில்லை. நிரூபணம் எழுதக் கற்றுக்கொண்டார். ஹார்டியோடு சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்குப் பெரிய பதிலைக் கண்டுபிடித்தார். 1916 மார்ச்சில், ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கைவிட்டுப் போன டிகிரி, 28 வயதில் கிடைத்தது. 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. அதே வருஷம் டிரினிட்டியின் ஃபெல்லோ ஆன முதல் இந்தியர்.

அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. உலகப் போர்க் காலம். சைவச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம். குளிர், தனிமை, வீட்டுக் கவலை. 1917-ல் இருந்து ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. 1919-ல் ஊர் திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே கடைசி வரை கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

அந்த வருஷங்களின் விலை

இளம் வயதில் இறந்ததைத்தான் எல்லாரும் பெரிய சோகமாகச் சொல்வார்கள். ஹார்டி அப்படி நினைக்கவில்லை. ஒரு கணித மேதைக்கு 18 முதல் 25 வரைதான் முக்கியமான வயது. அந்த வயதில் அவருக்குச் சரியான புத்தகமும், சரியான ஆளும் கிடைக்காமல் போனதே உண்மையான இழப்பு என்பது ஹார்டியின் கருத்து. ஏற்கெனவே கண்டுபிடித்ததை மறுபடி கண்டுபிடிப்பதில் அந்த வயது கரைந்துவிட்டது.

அதாவது, ஃபெயில் ஆனதால் ராமானுஜன் மேதை ஆகவில்லை. ஃபெயில் ஆகியும் மேதை ஆனார். ‘ஆனதால்’ என்பதற்கும் ‘ஆகியும்’ என்பதற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், ஸ்காலர்ஷிப் போன ஒரு வீடு, ஓடிப்போன ஒரு பையன், பட்டினி கிடந்த சில வருஷங்கள்.

தப்பு யார் பக்கம்? காலேஜ் பக்கம் இருக்கிறது. ஒரு பாடத்தில் மலை மாதிரி இருப்பவரை, இன்னொரு பாடத்தின் பத்து மார்க்கை வைத்து வெளியே தள்ளியது. அவர் நோட்டில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க சிங்காரவேலு முதலியார் மாதிரி ஓரிருவர்தான் இருந்தார்கள். விதியை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. சூத்திரங்களிடம் காட்டிய பிடிவாதத்தில் பத்தில் ஒரு பங்கை இங்கிலீஷிடம் காட்டியிருந்தால் ஸ்காலர்ஷிப் தப்பித்திருக்கும். பத்து வயதில் மாவட்ட முதல் இடம் பிடித்தவருக்கு அது முடியாத காரியம் இல்லை.

சரி, நமக்கு என்ன?

இன்ஸ்டா ரீல்ஸில் நாம் அடிக்கடி பார்ப்பது: நீங்கள் விஷுவல் லேர்னரா, கேட்டுப் படிப்பவரா, செய்து பார்ப்பவரா? கண்டுபிடித்து அதன்படி படித்தால் மார்க் கொட்டும்! இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2008-ல் அமெரிக்க உளவியலாளர்கள் நான்கு பேர், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசினார்கள். ஒருத்தருடைய ஸ்டைலுக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் அவர் அதிகம் கற்கிறார் என்று நம்புவதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்காக, பிடித்த வழி என்பதே வேஸ்ட் என்று அர்த்தம் இல்லை. பிடித்தால்தான் உட்காருவோம், உட்கார்ந்தால்தான் ஏதாவது ஏறும். ஆனால் பிடித்த வழியில் படிப்பது வேறு, மண்டையில் தங்கும் வழியில் படிப்பது வேறு. யூடியூபில் பாடம் பார்ப்பது பலருக்குப் பிடிக்கும். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியும் இருக்கும். நிறுத்திவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ராமானுஜனிடம் இருந்து நாம் கடன் வாங்க வேண்டியது இந்த இடத்தைத்தான். அவருடைய மூளையை வாங்க முடியாது. அவர் கைடு படித்த விதத்தை வாங்கலாம். விடையை மூடிவிட்டு நாமே போட்டுப் பார்ப்பது. நாராயண ஐயர் சொன்னபடி, நடுவில் உள்ள படிகளையும் அடுத்தவருக்குப் புரியும்படி எழுதுவது. அதைப் பிடித்த பாடத்துக்கு மட்டும் இல்லாமல், பிடிக்காத பேப்பருக்கும் தினமும் அரை மணி நேரம் செய்வது. ராமானுஜன் செய்யாமல் விட்டது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

கூட ஓர் ஆளும் வேண்டும். எதிரில் சிலேட்டோடு உட்கார்ந்து, நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்கும் ஆள். அது ஹாஸ்டல் ரூம்மேட்டாக இருக்கலாம். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிக்கும் சீனியராக இருக்கலாம். கன்னடத்திலோ தெலுங்கிலோ சொல்லிக் காட்டிவிட்டு, அப்புறம் இங்கிலீஷில் எழுதினாலும் ஒன்றும் தப்பில்லை.

காலேஜ்களுக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த டிசம்பர் 22-க்கு பேனர் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அந்த செமினார் ஹாலில் ஒரு மேஜை போட்டு, ஒரு சாரையோ மேடத்தையோ உட்காரவைத்து, யார் எந்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் பிரித்துப் பாருங்கள். பத்து நோட்டில் ஒன்பது சாதாரணமாக இருக்கலாம். ராமசாமி ஐயரும் ராமச்சந்திர ராவும் பிரித்துப் பார்த்ததால்தானே நமக்கு இந்தப் பேனரே கிடைத்தது?

அரியர் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளே, அடுத்த தேர்வுக்கு ஃபீஸ் கட்டக் கடைசி தேதி எப்போது என்று முதலில் நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு வாருங்கள். ராமானுஜனோடு செல்ஃபி அப்புறம் எடுக்கலாம்.